கிக் டர்ன்ல கிழிஞ்ச பேன்ட்: ரோஜர்ஸ் பாஸ்ல ஒரு நாளும் அதுக்கு அப்புறம் மூணு சீசனும்

எதுக்கு இத எழுதி வைக்கிறேன்

லிஃப்ட் இல்லாம நாமளே மலை ஏறி நாமளே சறுக்கி இறங்குறது தான் பேக்கன்ட்ரி ஸ்கியிங். இதுல ஆபத்துன்னு பேச்சு வந்தா எல்லாரும் பனிச்சரிவ பத்தி தான் பேசுவாங்க, பேச வேண்டியதும் அது தான். துணி கிழியுறத யாரும் ஒரு பொருட்டா எடுத்துக்கிறதில்ல. ஆனா எங்க குழுவுல ஒரு நாள் ஒரு பேன்ட் கிழிஞ்சதும் ஒரு ஜாக்கெட் தோள்ப்பட்டைல தண்ணி இறங்குனதும் சேந்து அன்னைக்கு போட்ட திட்டத்தையே திருப்பிடுச்சு. யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல, ஆகாததுக்கு காரணம் நாங்க சீக்கிரம் திரும்பினது. அந்த நாள், அதுக்கு அப்புறம் துணிய பரப்பி வச்சு நாங்க பாத்தது, அடுத்து என்ன வாங்கினோம், அது எப்படி உழைச்சுதுன்னு வரிசையா எழுதுறேன். ஆளுங்க பேரு போடல, கிழிஞ்ச துணி எந்த கம்பெனின்னும் போடல. அந்த துணி அது செய்யப்பட்ட வேலைய ஒழுங்கா தான் செஞ்சுது, நாங்க அத வேற வேலைக்கு போட்டுட்டு போயிட்டோம்.

பின்னணி

நாங்க நாலு பேர், எல்லாருக்கும் வீடு கால்கரில. ஒரு கனடாக்கார தம்பதி, ரெண்டு பேரும் 15 வருஷத்துக்கு மேல இதுல இருக்கவங்க, அந்தம்மா தான் அன்னைக்கு குழுவ நடத்துனாங்க. மூணாவது நான், எனக்கு அது ஏழாவது சீசன். நாலாவது என்கூட வேலை பாக்குற தம்பி, மதுரைப் பக்கம், லிஃப்ட் இருக்குற இடத்துல அருமையா சறுக்குவான், பனிச்சரிவு பாதுகாப்பு முதல் கோர்ஸ் முடிச்சவன், பேக்கன்ட்ரில அவனுக்கு மூணாவது சீசன். முதல் ரெண்டு சீசனும் அவன் போனதெல்லாம் பான்ஃப், லேக் லூயிஸ் பக்கம், அதாவது ராக்கி மலைல. இந்த ஒரு விஷயம் பின்னாடி முக்கியமா வரும்.

நாங்க போன இடம் ரோஜர்ஸ் பாஸ், பிரிட்டிஷ் கொலம்பியால செல்கர்க் மலைத்தொடர்ல இருக்கு, கிளேசியர் நேஷனல் பார்க்குக்குள்ள, கோல்டனுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் நடுவுல. கால்கரில இருந்து கார்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். 1962ல திறந்த டிரான்ஸ் கனடா ஹைவே அந்த கணவாய் வழியா தான் போகுது, கணவாயோட உயரம் ஏறக்குறைய 1,330 மீட்டர், வருஷத்துக்கு 10 மீட்டர் பக்கம் பனி கொட்டுற இடம். ரோட்டு மேல பனிச்சரிவு விழாம இருக்க ராணுவத்தோட பீரங்கிய வச்சு மலைல சுட்டு பனிய முன்கூட்டியே இறக்கி விடுவாங்க, அதனால எந்த ஏரியா திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு காலைல பாத்துட்டு தான் யாரும் மலைல கால வைக்கணும்.

ராக்கி மலைல குளிர் வறட்சியா இருக்கும். மைனஸ் 18ல பனி மாவு மாதிரி, துணில விழுந்தா தட்டி விட்டா போயிடும். செல்கர்க்ல அப்படி இல்ல, பசிபிக் பக்கம் இருந்து வர்ற ஈரக்காத்து இங்க வந்து கொட்டுது, பனி கனமா இருக்கும், பள்ளத்தாக்கு அடியில மைனஸ் 1, சில நாள் பூஜ்யம் கூட இருக்கும், தோள்ல விழுற பனி உருகி துணிலயே ஒட்டிக்கும். ஒரே ஜாக்கெட்டுக்கு இந்த ரெண்டு ஊரும் ரெண்டு வேற பரீட்சை.

தம்பி போட்டிருந்த துணி என்னன்னா, மேல ஒரு லேசான ரெண்டரை லேயர் ஜாக்கெட், வெளித்துணி 20 டெனியர், மொத்த எடையே 280 கிராம் தான். கீழ ஒரு மூணு லேயர் மழை பேன்ட், 30 டெனியர், கோடைல ட்ரெக்கிங் போறப்ப வாங்கினது. ரெண்டுமே விலை கூடுன நல்ல சாமான், டேக்ல 20,000 மி.மீ வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்துச்சு. அவன் தேர்ந்தெடுத்ததுக்கு காரணம் இருந்துச்சு, மலை ஏறுறதுக்கு எடை குறையணும்னு எல்லாரும் சொல்றத கேட்டு தான் வாங்கினான், நானும் அத சொன்னவங்கள்ல ஒருத்தன்.

டெனியர்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக: 9,000 மீட்டர் நூலோட எடை எத்தன கிராமோ அது தான் அந்த நூலோட டெனியர். 20 டெனியர்னா 9 கிலோமீட்டர் நூல் 20 கிராம் தான் இருக்கும், அவ்வளவு மெல்லிசு. நம்ம முதுகுப்பைக்கெல்லாம் போடுற கோர்டுரா துணி 500, 1,000 டெனியர்ல வருது.

முந்தின நாள் ராத்திரி

தங்குன இடத்துல சாப்பாடு முடிச்சிட்டு மேப்ப விரிச்சு உக்காந்தோம். இல்லசிலவெட் பார்க்கிங்ல இருந்து அசுல்கன் பள்ளத்தாக்கு வழியா ஏறி, மவுஸ்ட்ராப்னு சொல்ற இடத்த காலைலயே தாண்டி, ட்ரீ ட்ரையாங்கிள்னு மரங்களுக்கு நடுவுல இருக்குற சரிவுல ரெண்டு தடவ இறங்கலாம்னு திட்டம். மவுஸ்ட்ராப்னா எலிப்பொறி, பேருக்கு ஏத்த இடம் தான், பல பக்கத்துல இருந்து பனிச்சரிவு பாதைங்க வந்து ஒண்ணா சேருற குறுகலான இடம், அதுல நின்னு வேடிக்கை பாக்கக்கூடாது, ஒவ்வொருத்தரா சட்டுனு தாண்டிடணும். பனிச்சரிவு அறிக்கை படிச்சோம், மதியத்துக்கு மேல வெப்பம் ஏறும்னு போட்டிருந்துச்சு, அதனால ஒரு மணிக்கு முன்னாடி கீழ்நோக்கி திரும்பிடணும்னு நேரமும் குறிச்சோம்.

அப்புறம் சாமான் பாத்தோம். பனில புதைஞ்ச ஆள சிக்னல் வச்சு தேடுற டிரான்ஸீவர் ஒவ்வொருத்தரோடதும் பேட்டரி எத்தன பர்சன்ட், பனிய குத்தி ஆள தேடுற நீளக் கம்பு, அதாவது ப்ரோப், ஒழுங்கா பூட்டுதா, மண்வெட்டியோட கைப்பிடி இருக்கா, முதலுதவி யார் பையில, சாட்டிலைட் மெசஞ்சர் யார் பையில. துணிய மட்டும் யாரும் பாக்கல. தம்பி ஜாக்கெட் கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்கிட்டு இருந்துச்சு, நான் அது பக்கத்துல தான் உக்காந்திருந்தேன்.

ஏறும்போது பாத்தது

காலைல 7:40க்கு கிளம்பினோம். பார்க்கிங்ல மைனஸ் 1, பெரிய பெரிய ஈரச் செதிலா பனி விழுந்துட்டு இருந்துச்சு. ஸ்கிக்கு அடியில ஸ்கின், அதாவது பின்னாடி வழுக்காம பிடிக்குற பட்டைய, ஒட்டி ஏறுறது தெரிஞ்சவங்களுக்கு தெரியும், பத்து நிமிஷத்துல உடம்பு கொதிக்க ஆரம்பிச்சிடும், நாங்க மூணு பேரும் ஜாக்கெட்டோட அக்குள் ஜிப், பேன்ட்டோட தொடை ஜிப் எல்லாத்தையும் முழுசா திறந்து விட்டுட்டோம். தம்பி ஜாக்கெட்ல அக்குள் ஜிப்பே கிடையாது, எடைய குறைக்க அத எடுத்துட்டு தான் அந்த மாடல செஞ்சிருக்காங்க. முன்னாடி ஜிப்ப திறந்தா பனி நெஞ்சுல விழுது, மூடினா உள்ள வேர்க்குது, அவன் திறக்குறதும் மூடுறதுமா ஏறிட்டு வந்தான்.

ஒரு மணி நேரம் கழிச்சு தண்ணி குடிக்க நின்னப்ப தான் முதல் அறிகுறிய பாத்தேன். பை வார் உக்காருற இடத்துல ரெண்டு தோள்ப்பட்டையும் கருநீலமா இருந்துச்சு, மத்த இடமெல்லாம் வெளிர்நீலம். நெஞ்சுல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது, தோள்ல துணியே தண்ணிய குடிச்சு படுத்திருக்கு. இதுக்கு வெட்டிங் அவுட்னு பேரு. வெளித்துணி மேல தண்ணி நிக்காம இருக்க ஒரு பூச்சு போட்டிருப்பாங்க, அது தேஞ்சா வெளித்துணி நனையும், அதுக்கு உள்ள தண்ணிய தடுக்குற மெல்லிசான படலம், அதாவது மெம்பிரேன், நல்லா இருந்தா தண்ணி உடனே உள்ள வராது, ஆனா நனைஞ்ச துணி வழியா வேர்வை ஆவி வெளிய போக முடியாது. ஆள் உள்ளுக்குள்ளயே நனைவான், நனைஞ்சது மழையாலன்னு நினைப்பான்.

"என்னடா, உள்ள ஈரமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"லேசா தாண்ணா, ஏறும்போது தெரியல, நின்னா தான் சில்லுனு இருக்கு"ன்னான்.

அந்த பதில் எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். நின்னா சில்லுனு இருக்குன்னா, மலைல எதாவது ஆகி நாங்க நிக்க வேண்டி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கணும். நான் குழு நடத்துறவங்க கிட்ட சொல்லல, தலைய ஆட்டிட்டு நடந்துட்டேன்.

கிழிஞ்ச நேரம்

மவுஸ்ட்ராப்ப தாண்டி ட்ரீ ட்ரையாங்கிளோட அடிப்பக்கம் சரிவு செங்குத்தா ஆகுது, அங்க தடம் வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒவ்வொரு வளைவுலயும் கிக் டர்ன் போடணும். ஒரு கால தூக்கி ஸ்கிய அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வச்சு, அடுத்த கால சுண்டி இழுத்து கொண்டு வர்றது. அந்த சுண்டுல ஸ்கியோட பின்பக்கம் அடுத்த கால உரசிட்டு போகும். ஸ்கி ரெண்டு ஓரத்துலயும் இரும்பு எட்ஜ் இருக்கு, தம்பி அந்த வாரம் தான் அத கடைல கொடுத்து தீட்டி வாங்கியிருந்தான்.

11:20 இருக்கும். நான் அவனுக்கு நேர் கீழ வளைவுல நின்னுட்டு இருந்தேன். சுண்டினான், டர்ர்னு ஒரு சத்தம், நம்ம ஊரு ஜவுளிக்கடைல துணிய நுனில ஒரு வெட்டு வெட்டிட்டு கையால கிழிப்பாங்களே, அச்சு அசல் அதே சத்தம். இடது கால் உள்பக்கம் கணுக்கால்ல இருந்து ஆடுசதை வரைக்கும் ஒரு ஜாண் நீளத்துக்கு, மேல போயி பக்கவாட்டுல திரும்பி, எல் எழுத்து மாதிரி கிழிஞ்சு அந்த துண்டு தொங்குது. உள்ள தெர்மல் தெரியுது, பூட்டோட வாய் தெரியுது. கால்ல வெட்டு எதுவும் படல, பூட் தடுத்துடுச்சு. ஆனா அடுத்த அஞ்சு நிமிஷத்துல முட்டி வரைக்கும் பனில கால் இறங்கி ஏறினதுல பூட்டுக்குள்ள பனி போக ஆரம்பிச்சுது.

"அண்ணா, பூட்டுக்குள்ள பனி இறங்குது"ன்னு சாதாரணமா தான் சொன்னான், முகம் மாறிடுச்சு.

அங்க எடுத்த முடிவு

ஒரு பெரிய மரத்துக்கு அடியில, பனிச்சரிவு வர வாய்ப்பில்லாத மேட்டுல எல்லாரும் கூடினோம். முதல்ல கிழிஞ்சத மூடணும். என்கிட்ட ரிப்பேர் டேப் இருந்துச்சு, துணி ஈரமா இருந்ததால ஒட்டவே இல்ல. ஸ்கி கம்புல சுத்தி வச்சிருந்த டக்ட் டேப்பும் அதே கதை, ரெண்டு நிமிஷம் இருந்துட்டு உரிஞ்சு விழுந்துடுச்சு. குளிர்ல பசை கெட்டியாயிடும், ஈரத்துல பிடிக்கவும் பிடிக்காது, வீட்டுல மேசை மேல ஒட்டிப் பாத்தா இதெல்லாம் தெரிய வராது.

கடைசில வேலைக்கு ஆனது ஸ்கி ஸ்ட்ராப், ரெண்டு ஸ்கியையும் சேத்து கட்டுற ரப்பர் மாதிரி இழுபடுற பட்டை. அந்தம்மா பைக்குள்ள போட்டிருந்த பிளாஸ்டிக் பைய கத்தியால வெட்டி கால்ல சுத்தி, தொங்குன துணிய அது மேல இழுத்து போத்தி, பூட் வாய்க்கு மேல ஒரு ஸ்ட்ராப், ஆடுசதைல ஒரு ஸ்ட்ராப்னு இறுக்கி கட்டினாங்க. பனி உள்ள போறது நின்னுடுச்சு.

அப்ப தம்பி, "இப்ப சரியாயிடுச்சுல்ல, ஒரு ரன் போயிட்டு வந்துடலாமேக்கா"ன்னு அவங்க கிட்ட இங்கிலீஷ்ல கேட்டான், அக்காங்குறத மட்டும் தமிழ்ல சொல்லுவான், அவங்களுக்கும் அது பழகிடுச்சு. அவங்க பதில் சொல்லாம அவன் ஜாக்கெட் கழுத்துக்குள்ள கைய விட்டு தோள்ப்பட்டைய தொட்டுப் பாத்தாங்க. உள்ள போட்டிருந்த மெரினோ கம்பளி பனியன் பிழியுற மாதிரி ஈரமா இருந்துச்சு. திரும்பலாம்னு சொல்லிட்டாங்க.

ஏன்னு அவங்க சொன்ன காரணத்த அப்படியே எழுதுறேன், எனக்கு இந்த மொத்த நிகழ்வுலயும் பெரிய பாடம் இது தான். ஏறும்போது உடம்பே அடுப்பு, எந்த துணியும் போதும். இறங்கும்போது அந்த சூடு இல்ல. அதுக்கு மேல, யாராவது மூட்டு திருகிக்கிட்டாலோ பனிச்சரிவுல மாட்டினாலோ உதவி வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் இதே இடத்துல நிக்கணும், நாங்க நின்ன எடத்துல போன் சிக்னல் கிடையாது, சாட்டிலைட் மெசேஜ் போயி ஆள் கிளம்பி வரணும். அந்த மூணு மணி நேரத்த இந்த துணியில இவன் தாங்குவானாங்குறது தான் கேள்வி. நல்லா இருக்குற ஆள் ஒருத்தன் குளிர்ல விழுந்தா காப்பாத்த வேண்டிய ஆள் ரெண்டாயிடும், காப்பாத்துற ஆள்ல ஒண்ணு குறையும்.

வெப்பம் ஏறுறதுக்குள்ள மவுஸ்ட்ராப்ப தாண்டணும்ங்கிறதும் இருந்துச்சு. அங்கயே அவன் ஈர பனியன கழட்டி என்கிட்ட இருந்த காஞ்ச ஒண்ண போட வச்சோம், அதுக்கு மேல சிந்தெடிக் பஞ்சு வச்ச ஜாக்கெட், அதுக்கும் மேல அவனோட ஷெல், அதாவது அந்த வெளி ஜாக்கெட். ஸ்கின்ன உரிச்சு மெதுவா இறங்கினோம்.

அதுக்கு அப்புறம் அன்னைக்கு

1:15க்கு காருக்கு வந்துட்டோம். பூட்ட கழட்டினா இடது கால் பெருவிரலும் அடுத்த விரலும் வெளுத்து உணர்ச்சி இல்லாம இருந்துச்சு. தேய்க்கக்கூடாதுன்னு தெரியும், கார் ஹீட்டர நேரா காட்டல, அந்தம்மா தன் கைக்குள்ள பொத்தி வச்சு உக்காந்திருந்தாங்க. அரை மணி நேரத்துல நிறம் திரும்பி சுருக்சுருக்னு வலிக்க ஆரம்பிச்சுது, கொப்புளம் எதுவும் வரல.

மேசை மேல துணிய பரப்பி பாத்தது

ரெண்டு நாள் கழிச்சு எங்க வீட்டு சமையக்கட்டு மேசைல அவன் துணியையும் என் துணியையும் பக்கத்து பக்கத்துல விரிச்சோம். ஒரு டேபிள் ஸ்பூனும் ஒரு டம்ளர் தண்ணியும் தான் கருவி.

ஜாக்கெட் நெஞ்சுல ஒரு ஸ்பூன் தண்ணி விட்டா உருண்டு மேசைல விழுது. தோள்ல விட்டா மூணு நொடில இறங்கிடுது. விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா பை வார் உரசுன அகலத்துக்கு துணி மேல பூஞ்சை மாதிரி மெல்லிசா நூல் எழும்பி இருக்கு. உள்பக்கம் திருப்பினா இன்னும் மோசம். மூணு லேயர் ஜாக்கெட்ல மெம்பிரேனுக்கு உள்பக்கம் ஒரு துணி ஒட்டியிருக்கும், ரெண்டரை லேயர்ல துணிக்கு பதிலா ஒரு பிரிண்ட் பூச்சு மட்டும் தான், அந்த அரை லேயர் தோள்லயும் கழுத்துலயும் வழிச்சு எடுத்த மாதிரி போயிருந்துச்சு, விரலால தேய்ச்சா பொடுகு மாதிரி வெள்ளையா உதிருது.

"இத எத்தன தடவ துவைச்சிருப்ப?"

"துவைக்கவே இல்லண்ணா, துவைச்சா வாட்டர்ப்ரூஃப் போயிடும்னாங்க."

இந்த நம்பிக்கை ரொம்ப பேருகிட்ட இருக்கு, அதனால அழுத்தி சொல்றேன், துவைக்காம விட்டா தான் போகும். வேர்வை, தோல் எண்ணெய், சன்ஸ்க்ரீன் எல்லாம் துணில ஏறி பூச்ச மூடிடும், தையல் வழியா தண்ணி வராம உள்பக்கம் ஒட்டியிருக்குற சீம் டேப்போட பசையையும் கெடுக்கும். சாதாரண டிடர்ஜென்ட்டும் ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் தான் ஆகாது. நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி இதுக்குன்னே இருக்குறத போட்டு துவைச்சு, ரெண்டு தடவ அலசி, லேபிள் இடம் கொடுத்தா குறைஞ்ச சூட்டுல 20 நிமிஷம் டிரையர்ல போட்டா பூச்சு மறுபடி எழும்பும். அன்னைக்கே போட்டு பாத்தோம். நெஞ்சு, கை, முதுகு எல்லாம் புதுசு மாதிரி ஆச்சு. தோள் மட்டும் திரும்பல, அழுக்குல போன பூச்சு வேற, உரசல்ல தேஞ்சு போன பூச்சு வேற.

பேன்ட்ல கிழிஞ்ச ஓரம் சவரக்கத்தில வெட்டின மாதிரி சுத்தமா இருந்துச்சு. அந்த இடத்துல தடிமனா எந்த துணியும் இல்ல, இடுப்புல இருக்குற அதே 30 டெனியர் தான் கணுக்கால்லயும். ரிப்ஸ்டாப் நெசவு தான், கட்டம் கட்டமா தடி நூல் ஓடும், சின்ன ஓட்டை பெருசாகாம அது நிறுத்தும், தீட்டுன எட்ஜ் இழுத்துட்டு போறத அது நிறுத்தாது.

அப்புறம் என் பேன்ட்ட எடுத்தேன். 80 டெனியர் நைலான், கணுக்கால் உள்பக்கம் பூரா கோர்டுரா பட்டி வச்சு தச்சது, அஞ்சு சீசன் ஓடினது. அந்த பட்டிய விரலால தடவி தடவி வெட்டு விழுந்த இடத்த எண்ணினோம், ஒவ்வொண்ணுக்கும் தம்பி ஒரு தீக்குச்சிய எடுத்து வச்சான். இடதுல ஏழு, வலதுல நாலு, மொத்தம் 11. ஒண்ணு கூட உள்ள போகல. அந்த 11 குச்சியையும் பாத்துட்டு கொஞ்ச நேரம் அவன் பேசல. அவனோட பேன்ட் கிழிஞ்சது துரதிர்ஷ்டம்னு அதுவரைக்கும் ரெண்டு பேருமே நினைச்சிட்டு இருந்தோம்.

நான் ஸ்கூல் படிக்கிறப்ப புது யூனிஃபார்ம் டவுசர் வாங்கின அன்னைக்கே எங்கம்மா உக்காருற இடத்துல உள்பக்கமா ஒரு துணி வச்சு தச்சு கொடுப்பாங்க, கிழிஞ்சப்புறம் இல்ல, கிழியுறதுக்கு முன்னாடியே. எங்க தேயும்னு அவங்களுக்கு தெரியும். நல்ல ஸ்கி பேன்ட்ல இருக்குற பட்டியும் அதே அறிவு தான்.

அடுத்து என்ன வாங்கினோம், ஏன்

டேக்ல இருந்த 20,000ங்குற நம்பர அன்னைக்கு தான் ஒழுங்கா புரிஞ்சுகிட்டோம். 20 மீட்டர் உயர தண்ணித் தூணோட அழுத்தத்த புதுத் துணி தாங்கும்னு அதுக்கு அர்த்தம், அவ்வளவு தான். எத்தன சீசன் உழைக்கும், பை வார் உரசலுக்கு என்ன ஆகும், எட்ஜ் பட்டா என்ன ஆகும்னு அது எதுவும் சொல்லாது. அதனால கடைக்கு போறப்ப நம்பர விட்டுட்டு உரசுற இடத்த எழுதிட்டு போனோம்: தோள், இடுப்பு பெல்ட் உக்காருற இடம், கணுக்கால் உள்பக்கம், முட்டி, ஸ்கிய தோள்ல தூக்கினா எட்ஜ் படுற இடம், கையுறையோட கட்டைவிரல் இடுக்கு.

பேன்ட் புதுசு வாங்கினான், மூணு லேயர், 80 டெனியர், கணுக்கால் பட்டி முட்டிக்கு கீழ பாதி வரைக்கும் ஏறி இருக்கணும்னு பாத்தோம். இது ஏன்னா கடைல நிறைய பேன்ட்ல பட்டி நாலு விரல் உயரம் தான் இருந்துச்சு, கிக் டர்ன்ல எட்ஜ் அதுக்கு மேலயும் வந்து அடிக்கும், அவனோட கிழிசலே அதுக்கு சாட்சி. தொடைல ரெண்டு பக்கமும் நீள ஜிப். பழைய பேன்ட்ட விட 300 கிராம் அதிகம். அவன் தயங்கினான், நான் சொன்னது என்னன்னா, எடை குறைக்கணும்னா தண்ணிய குறைச்சு எடுத்துட்டு போ, சோத்த குறைச்சு எடுத்துட்டு போ, எட்ஜ் படுற இடத்துல குறைக்காத.

ஜாக்கெட் பழசு வாங்கினோம், விக்கிறவங்க வீட்டுக்கே போயி. மூணு லேயர் கோர்-டெக்ஸ், தோள்ல தடிமன் துணி, அக்குள் ஜிப் உண்டு. பழசு வாங்குறவங்க மூணு விஷயம் பாக்கணும்: உள்பக்கம் திருப்பி சீம் டேப் எங்கயாவது தூக்கியிருக்கான்னு, துணி நடுவுல நீர்க்கொப்புளம் மாதிரி எழும்பி இருக்கான்னு, தோள்லயும் நெஞ்சுலயும் ஒரே அளவு தண்ணி விட்டா ரெண்டும் எப்படி நடந்துக்குதுன்னு. நாங்க கேட்டுட்டு தான் தண்ணி விட்டு பாத்தோம், அவங்களும் தப்பா எடுத்துக்கல.

புதுசு வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு. முன்னாடி இந்த பூச்சுலயும் மெம்பிரேன்லயும் இருந்த ஃப்ளோரின் ரசாயனங்க சூழலுக்கும் உடம்புக்கும் கேடுன்னு கம்பெனிங்க விட்டுட்டு வர்றாங்க, கோர்-டெக்ஸ் செய்யுற கோர் நிறுவனமே 2022ல இருந்து அது இல்லாத மெம்பிரேன் கொண்டு வந்துச்சு, நல்ல மாற்றம் தான். ஆனா புது வகை பூச்சு தண்ணிய தள்ளும், எண்ணெய தள்ளாது, அதனால உடம்பு எண்ணெய் சீக்கிரம் ஏறும். அடிக்கடி துவைக்கணும்.

உள்துணி பத்தி சுருக்கமா. பருத்தி வேண்டவே வேண்டாம். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை இருக்குற சுத்த மெரினோ துணி இடுப்பு பெல்ட் உரசி ஓட்டை விழுது, நைலான் நூல் மேல மெரினோ சுத்துன வகை அதே கதகதப்ப கொடுத்துட்டு கூட உழைக்குது. கையுறைக்கு ஆட்டுத்தோல், மெழுகு போட்டு வச்சா போதும்.

கிழிஞ்ச பேன்ட்ட தூக்கிப் போடல. ஓரத்த ஸ்பிரிட் வச்சு துடைச்சு, ரெண்டு பக்கமும் மூலைய வட்டமா வெட்டுன டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க பாரம் வச்சு விட்டோம். காஞ்ச துணில அதே டேப் அவ்வளவு பிடிப்பா பிடிச்சுது. அப்புறம் பக்கத்துல இருக்குற ஆல்டரேஷன் கடைல கொடுத்து பழைய முதுகுப்பைல இருந்து வெட்டுன கோர்டுராவ ரெண்டு கால்லயும் பட்டியா தச்சு, தையல் மேல சீம் சீலர் பூசினோம்.

மூணு சீசன் கழிச்சு

அதுக்கு அப்புறம் தம்பி 40 நாளுக்கு மேல மலைக்கு போயிருக்கான், அதுல பாதி ரோஜர்ஸ் பாஸ் தான். புது பேன்ட்டோட பட்டில ஆறு வெட்டு விழுந்திருக்கு, எதுவும் உள்ள போகல. ஜாக்கெட் தோள்ல வெளித்துணி இன்னும் எழும்பல, பத்து நாளைக்கு ஒரு தடவ துவைக்கிறான், சீசனுக்கு ஒரு தடவ பூச்சு ஸ்ப்ரே அடிக்கிறான். ஏறும்போது பனி விழலேன்னா ஷெல்ல பைல வச்சிட்டு சாஃப்ட்ஷெல், அதாவது மெம்பிரேன் இல்லாம ஆவி வெளிய போற ஜாக்கெட், போட்டு தான் ஏறுறான், ஒரு நாள்ல முக்காவாசி நேரம் ஏறுறதுலயே போகுது, அந்த நேரம் பூரா ஜாக்கெட் பை வாருக்கு அடியில தேயாம இருக்கு.

எல்லாம் நல்லா போகல. தொடை ஜிப் ஒண்ணு ரெண்டாவது சீசன்ல மூடினாலும் பின்னாடி திறந்துகிட்டே வந்துச்சு. பல்லு நல்லா தான் இருந்துச்சு, ஓடுற ஸ்லைடர் தான் தளர்ந்து போச்சு, குறடால ரெண்டு ஓரத்தையும் லேசா அழுத்தினதுல ஒரு மாசம் ஓடுச்சு, அப்புறம் ஸ்லைடர மட்டும் மாத்தினோம். முட்டிக்கு உள்பக்கம் சீம் டேப் ரெண்டு விரல் நீளத்துக்கு தூக்கிடுச்சு, அத ஒட்டியிருக்கோம், நிக்குமான்னு இந்த சீசன்ல தெரியும். எடை கூடினதால ஏறுறதுல வேகம் குறைஞ்சுதான்னு கேட்டா, முதல் ரெண்டு தடவ குறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னான், அப்புறம் அத பத்தி பேச்சே வரல.

இப்பன்னா என்ன மாத்துவோம்

முதல்ல மாத்துனது முந்தின நாள் ராத்திரி செய்யுற வேலைய. இப்ப டிரான்ஸீவர் பாக்கும்போதே ஒவ்வொருத்தரும் ஜாக்கெட்ட சிங்க்ல பிடிச்சு தோள்ல தண்ணி விட்டு காட்டணும், ரெண்டு நிமிஷ வேலை. அன்னைக்கு அத செஞ்சிருந்தா நான் வச்சிருந்த பழைய ஷெல்ல அவனுக்கு கொடுத்திருப்பேன், கார்லயே தான் கிடந்துச்சு.

ரெண்டாவது, நின்னா சில்லுனு இருக்குன்னு ஒருத்தர் சொன்னா அத அப்பவே குழு நடத்துறவங்க காதுல போடணும்னு எங்களுக்குள்ள பேசி வச்சிருக்கோம். அன்னைக்கு நான் சொல்லாம விட்டதால மவுஸ்ட்ராப்ப ஒரு தடவ தேவையில்லாம தாண்டினோம், அது தான் எனக்கு இன்னமும் உறுத்துது. கிழிசல் யாருக்கு வேணா நடக்கலாம், இது நான் கண்ணால பாத்து வாய மூடிட்டு வந்தது.

ரிப்பேர் பைலயும் மாத்தம் பண்ணியாச்சு. டேப் இருக்கு, கூடவே அத ஒட்டுறதுக்கு முன்னாடி துடைக்க ஸ்பிரிட் துடைப்பான் நாலு, ஆளுக்கு ரெண்டு ஸ்ட்ராப், மடிச்ச தடி பிளாஸ்டிக் பை ஒண்ணு, கைக்கு சூடு கொடுக்குற பாக்கெட் ரெண்டு. அந்த பாக்கெட்ட துணிக்கு பின்பக்கம் வச்சு பத்து நிமிஷம் அழுத்தினா குளிர்லயும் டேப் பிடிக்குது, போன ஜனவரில அந்தம்மாவோட ஜாக்கெட் கைல மரக்கிளை குத்தி கிழிஞ்சப்ப ட்ரீ ட்ரையாங்கிள்லயே நின்னு இப்படி தான் ஒட்டினோம். ஒட்டினது தம்பி.

பட்டி வச்சு தச்ச பழைய பேன்ட் இப்ப என் கார்ல இருக்கு, குழுவுல யாருக்கு எப்ப வேணும்னாலும்.